கூட்டிக் கழித்துப் பார்க்காதவர்

அந்த அக்காவிடம் எதைப் பற்றியும் "எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாது என்பதைப் போடியில் எங்கள் தெருக்காரர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். கேட்டால் ஒரு பதில் வராது. இரண்டு வரும். சில சமயம் மூன்று.

என் தங்கை கல்யாணத்தில் அப்பா பந்தியில் வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார். "பிரமாதம்" என்றோ "வயிறு நெறஞ்சுபோச்சு" என்றோ சொல்லி எல்லோரும் அவரை அடுத்த இலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முன்னால் வந்து நின்று, "சாப்பாடு எப்படிம்மா?" என்றார். அக்கா கையை இலையில் வைத்தபடி உண்மையாகவே யோசித்தார்.

"சாம்பார் நல்லா இருந்துச்சுங்கய்யா. ரசத்துல புளி கூடிப்போச்சு. பாயசம் நல்ல பாயசந்தான். ஆனா கேசரியும் வச்சுட்டு அதையும் ஊத்துனதுல ரெண்டுமே எடுபடல."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. பெண்ணைப் பெற்றவர், விடிந்ததிலிருந்து உட்காராதவர். "மொத்தத்துல நல்லா இருந்துச்சுல்லம்மா?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"மொத்தமா எங்கய்யா சாப்பிட்டேன்? ஒண்ணொண்ணாத்தான சாப்பிட்டேன்."

இதில் எள்ளல் இல்லை, திமிரும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அப்பா அதன் பிறகு ஒரு வருடம் அவரைப் பார்த்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அக்கா எங்களுக்கு உறவில்லை. நானும் என் நண்பன் பிரபுவும் அப்போது கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விமர்சனம் செய்கிற ஒரு யூடியூப் சேனல் நடத்திக்கொண்டிருந்தோம். என் அண்ணனின் ஏலக்காய்க் கடைக்கு மேலே இருந்த அறைதான் எங்கள் இடம். கீழே பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூச்சை இழுத்து "என்னா வாசனை" என்பார்கள். எங்களுக்கு அது பகல் முழுக்க மண்டையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கனம். ஏலக்காய்த் தூசி மாடிவரை ஏறி வந்து கம்ப்யூட்டரின் மின்விசிறியில் பச்சையாகப் படியும். வாரம் ஒருமுறை கழற்றி ஊத வேண்டும்.

ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தைப் பற்றி நான் போட்ட வீடியோவுக்குக் கீழே அக்கா நீளமாக எழுதியிருந்தார். பலரோடு சேர்ந்து ஆடுவதை மட்டும் ஆடிவிட்டு ஆட்டமே மோசம் என்று சொல்லியிருக்கிறீர்கள், தனியாக ஆடும் கதைப் பகுதியை நீங்கள் தொடவே இல்லை என்று தெரிகிறது, தொட்டிருந்தால் பாலம் உடையும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விட்டிருக்க மாட்டீர்கள் என்று. திட்டு இல்லை, கேலி இல்லை. நான் பதில் எழுதினேன். எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

முதல் நாள் மாடிப்படி ஏறி வந்தபோது அவரை யாரோ ஒரு வீட்டுக்காரம்மா, அண்ணனைத் தேடி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, முகத்தில் அலுவலக அசதி. "பாலம் உடையற எடத்த ஆடிப் பாத்தீங்களா தம்பி?" என்றார். பார்த்திருந்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த இடம் அபாரமாக இருந்தது. "ஆனா அதுக்காக மத்தது நல்லா இருக்குன்னு ஆயிராது" என்று அவரே சொன்னார். "ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

அந்த வாக்கியத்தை அதன் பிறகு எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

அவருடைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. சிலமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். புதிதாகத் தயாராகும் ஆட்டங்களை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. "ஆடுறதுக்குச் சம்பளமான்னு எல்லாரும் கேப்பாங்க தம்பி. நாள் பூரா சுவத்துல முட்டணும். எந்தச் சுவத்துல முட்டுனா அந்தப் பக்கம் விழுறோம்னு பாக்கணும். ஒரே சுவரு, நூறு தடவ." அப்புறம் கல்யாணம். கணவர் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். சில வருடம் மலையில் இருந்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும் அக்கா அவளோடு போடியில் வாடகைக்கு வீடு பிடித்துக் கீழே வந்துவிட்டார்; கணவர் மலையிலேயே இருந்தார். ஒரு மசாலாக் கம்பெனி அலுவலகத்தில் பில் போடுகிற வேலை.

வேலை முடிந்து, மகள் டியூஷனில் இருக்கும் நேரத்தில்தான் எங்களிடம் வருவார். வந்ததும் ஆட உட்கார மாட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு வலது மணிக்கட்டில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொள்வார், பெங்களூர் கொடுத்த வலி. வளையல்களைக் கழற்றி எங்கள் டீ டம்ளர் ஒன்றில் போட்டுவிட்டு மவுஸைத் தொடுவார்.

பிரபு ஆட்டத்தில் செத்தால் கீழே காய் பொறுக்குகிற பெண்கள் அண்ணாந்து பார்க்கும்படி கத்துவான். அக்கா செத்தால் "சரி" என்பார். அவ்வளவுதான். ஜெயித்தாலும் அதே "சரி"தான்.

அவர் ஆடுகிறபோது மைக்கை அணைத்து வைத்திருப்பார். ஒரு நாள் சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டியிருந்ததால் திறந்து பேசினார். பெண் குரல் கேட்டதும் யாரோ ஒருவன் தமிழிலேயே ஆரம்பித்தான். எழுத முடியாத பேச்சு. எனக்குக் காது சுட்டது. பிரபு எழுந்து மைக்கைப் பிடுங்கப் போனான். அக்கா அவன் கையைத் தள்ளிவிட்டு, அந்த ஆள்மேல் ஒரு புகாரை அழுத்தி அனுப்பிவிட்டு, மைக்கை மூடி, ஆட்டத்தை முழுதாக முடித்தார். பிறகு கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "ஆட்டம் நல்ல ஆட்டம் தம்பி. ஆளுங்க நல்லா இல்ல. வீடியோவுல ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்க." கைக்குட்டையின் முடிச்சு அன்றைக்கு அவிழவே மாட்டேன் என்றது.

அவரோடு பழகுவது எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் வீடியோவில் நான் பேசுவது எப்படி இருக்கிறது என்று ஒரு முறை ஆசையாகக் கேட்டேன். "குரல் நல்லா இருக்கு. பேசுறதுல ஒண்ணும் இல்ல" என்றார். இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. எங்கள் பழைய வீடியோக்கள் அத்தனையையும் அவர் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார், எங்கள் வீட்டு ஆட்களே பார்க்காதவற்றையும் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சேனலுக்கு ஒரு நல்ல காலம் வருகிற மாதிரி தெரிந்தது அந்த ஆனி மாதக் காற்றில்தான். சென்னையிலிருந்து ஒரு விளம்பர ஏஜென்சி எங்களைக் கூப்பிட்டது. புதிதாக வரப்போகிற ஒரு துப்பாக்கி ஆட்டத்தை, வெளியாகும் முன்பே அனுப்பித் தருகிறோம், ஆடிப் பார்த்து விமர்சனம் போடுங்கள் என்றார்கள். அதுவரை எங்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்டார்கள். பத்துக்கு எத்தனை மார்க் என்று வீடியோவின் முகப்பில் பெரிதாகப் போட வேண்டும்.

"எத்தனைன்னு அவங்க சொல்லல பாத்தியா, அதான் நாகரிகம்" என்றான் பிரபு. அன்றைக்கே மனதுக்குள் எட்டு போட்டுவிட்டான்.

இன்னும் சில நூறு வருடம் கழித்து நடக்கிற கதை. ஏதோ ஒரு கோளின் நிலவில், பனிக்கட்டிக்கு அடியில், கைவிடப்பட்ட ஒரு சுரங்க நகரம். கைகளில் உறை மாட்டியிருப்பார்கள். அதைத் திருகினால் அந்த அறையின் ஈர்ப்பு தலைகீழாகும். தரையில் நிற்கிறவர்கள் எல்லாம் கூரையில் போய் விழுவார்கள். தனியாக ஆடினால், காணாமல் போன தன் படையைத் தேடிப் போகிற ஒரு சிப்பாயின் கதை. சேர்ந்து ஆடினால், இரண்டு அணிகள் அந்தச் சுரங்கத்துக்காகச் சண்டை போடும்.

அக்கா தனிக் கதையை முதலில் எடுத்தார். தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆடினார். பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, வெரசா முடிங்க. மத்த சேனல்காரன் முந்திருவான்."

"முந்தட்டும். அவன் பாத்தத அவன் சொல்லட்டும்."

கதையின் நடுவில் ஒரு பகுதி வந்தது. அடிபட்ட ஒரு தொழிலாளியை அந்தச் சிப்பாய் லிப்டில் மேலே கொண்டுபோக வேண்டும். துப்பாக்கிக்கே வேலை இல்லை. லிப்டு ஏறிக்கொண்டே இருக்கும், அந்த ஆள் தன் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவான். அக்கா அதை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆடினார். அதற்குப் பிறகு ஆட்டம் சரிந்தது. கதவுக்குப் பின் கதவு, ஒரே மாதிரி எதிரிகள், ஒரே தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எடத்துலதான் செஞ்சவங்களுக்கு அசதி வந்துருச்சு தம்பி" என்றார். "தேதி சொல்லி விரட்டிருப்பாங்க. எனக்குத் தெரியும். அந்தத் தூண நகத்தி வைக்கக்கூட அவங்களுக்குத் தெம்பு இல்ல."

இரக்கமாகத்தான் சொன்னார். ஆனாலும், "பாதிக்கு மேல நல்லா இல்ல" என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

ஆட்டம் வெளியாகி, சேர்ந்து ஆடுகிற பகுதி திறந்தபோது அவர் மகளுக்குக் காய்ச்சல். அக்காவால் வர முடியவில்லை. நான் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு கூடம், ஒரு சமையலறை. பாப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஆடினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கே இருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். சிலமலையிலிருந்து அக்காவின் தாய்மாமா, அக்காவின் கணவர், கணவரின் அண்ணன்.

கணவரை நான் அதற்கு முன் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். கலகலப்பான மனிதர். மலையில் இருந்து இருந்து மலையாளம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் "எந்தா விசேஷம்?" என்று தோளில் தட்டுவார். ஜீப்பில் வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் அவரை அண்ணே அண்ணே என்பார்கள். என்னிடமும் "எந்தா விசேஷம்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலிலேயே நின்று ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இருக்கிற பக்கம் திரும்பவும் இல்லை.

"ஆத்தா, கொஞ்சம் பேசணும்" என்றார் மாமா.

"அஞ்சு நிமிசம் மாமா. கூட ஆடுறவங்க பாதியில நிக்கிறாங்க. இப்ப எந்திரிச்சா அவங்க தோத்துருவாங்க."

மூன்று பெரிய ஆட்களும் வரிசையாக உட்கார்ந்து, அக்கா கூரையில் ஓடி யார் யாரையோ சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்தது. அக்காவின் அணி ஜெயித்திருந்தது. "சரி" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார். நான் கிளம்பப் பார்த்தேன். மாமா "இரு அப்பு, டீ குடிச்சிட்டுப் போ" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

கணவர் விழித்துக்கொண்ட பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசல் படிக்குப் போய்விட்டார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏதோ காதில் சொல்ல, அவர் பொய்யாகப் பயந்து நடிப்பது உள்ளே கேட்டது.

"நீ மலைப்பக்கமே போறதில்லையாமே. மாப்ள மேல என்ன குறை, சொல்லு ஆத்தா" என்றார் மாமா. "குடிக்கிறாரா? அடிக்கிறாரா?"

"இல்ல மாமா."

"வேற ஏதாச்சும்..."

"அதெல்லாம் இல்ல. பாப்பாவுக்கு நல்ல அப்பா. எங்க அம்மாவுக்கு முடியாமப் போனப்ப மகன் செய்யாதத எல்லாம் செஞ்சாரு. தோட்டத்துல யாரு வேணா அவருகிட்ட உதவின்னு போய் நிக்கலாம். என்கூட மட்டும் பேச மாட்டாரு."

"பேசாமயா?"

"நாலஞ்சு வருசமா இல்ல மாமா. சோறு வேணும்னா பாப்பாகிட்டச் சொல்லி விடுவாரு. நானும் கேட்டுப் பாத்தேன். என்ன செஞ்சேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்னேன். அதுக்கும் பேசல."

கணவரின் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவன் சின்னதுலருந்தே வீட்டுக்குள்ள அப்பிடித்தாம்மா. வெளிய பேசுவான், உள்ள வந்தா வாயத் தொறக்க மாட்டான். கூட்டிக் கழிச்சுப் பாத்தா நல்லவன்தானே?"

"நல்லவருதான். நான் இல்லைங்கலையே."

"அப்பறம் என்ன? பிள்ளைக்கு நல்லவன், உன்னப் பெத்தவளுக்கு நல்லவன், ஊருக்கு நல்லவன். ஒண்ணே ஒண்ணு குறை. எல்லாத்தையும் சேத்துப் பாரும்மா."

அக்கா டம்ளர்களை அவர்கள் முன்னால் வைத்தார். "சேத்துப் பாக்க முடியாதுங்க. அதெல்லாம் அவங்கவங்களுக்கு. என் பங்குக்கு என்ன இருக்குன்னுதான் நான் பாக்க முடியும்."

"ஒரு வார்த்தையில சொல்லு ஆத்தா" என்றார் மாமா. அவருக்கும் அலுத்துவிட்டிருந்தது. மத்தியான வெயிலில் பஸ் ஏறி வந்தவர். "அவரு வேணுமா, வேணாமா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்காகவாவது ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கே இருந்தது.

"பாப்பாவுக்கு வேணும்" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியல மாமா. தெரியாததத் தெரியும்னு சொல்லச் சொல்லாதீங்க."

ஒன்றும் முடிவாகாமல்தான் போனார்கள். வாசலில் மாமா செருப்பை மாட்டும்போது, "படிக்க வச்சது தப்பாப் போச்சு" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். கணவர் பாப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மூடிய கண்ணோடே சொன்னார்: "சேந்து ஆடுறது ரொம்ப நல்லா இருக்கு தம்பி. நான் ஆடுனதுலயே இதுமாதிரி கொஞ்சந்தான். ஒருத்தன் ஈர்ப்பத் திருப்புனா கூட இருக்கவன் எல்லாம் அவன நம்பி விழுறான் பாருங்க. நல்லா யோசிச்சுச் செஞ்சிருக்காங்க."

அந்த வாரம் எங்கள் அறையில் அவர் பேசியதைப் பதிவு செய்தோம். தனியாக ஆடுவது பற்றி ஒரு பகுதி: லிப்டு வரை அருமை, அதற்குப் பிறகு சோர்ந்துபோன வேலை. சேர்ந்து ஆடுவது பற்றி இன்னொரு பகுதி: நுட்பமானது, நியாயமானது, ஆனால் நல்ல இணைய இணைப்பு இல்லாத ஊர்க்காரர் என்றால் நீங்கள் சுடுவதற்குள் செத்திருப்பீர்கள். இரண்டையும் நிதானமாகச் சொல்லி முடித்தார். பிரபு கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"பத்துக்கு எத்தனைக்கா?"

"எதுக்கு?"

"ஆட்டத்துக்கு."

"எந்த ஆட்டத்துக்கு? அதுல ரெண்டு இருக்கே."

பிரபு கேமராவை நிறுத்தினான். கும்பிடாத குறை. "அக்கா, சனங்களுக்கு வாங்கலாமா வேணாமான்னு தெரியணும். அவ்வளவுதான். உங்க வாயால சொல்ல வேணாம். நாங்க ஒரு எட்டு போட்டுக்கிறோம்."

"போட்டுக்கங்க. ஆனா நான் பேசுனத எடுத்துருங்க."

அவர் மிரட்டவில்லை. இரண்டில் எது என்றாலும் அவருக்குச் சம்மதம் என்பது குரலிலேயே தெரிந்தது. பிரபு என்னைப் பார்த்தான். நான் அக்கா பேசியதை வைத்துக்கொள்ளலாம் என்றேன். எண் இல்லாமல் வீடியோ வெளியானது.

ஏஜென்சி அதன் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. பார்த்தவர்களும் குறைவு. அவர்களிலும் பாதிப்பேர் "கடைசியில என்னதான் சொல்ல வர்றீங்க?" என்று கீழே எரிச்சலாக எழுதியிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். நீங்கள் தனியாக ஆடுகிறவரா, கூட ஆள் உண்டா, உங்கள் ஊரில் இணைப்பு எப்படி என்று கேட்டு, அதற்கேற்ப வாங்குங்கள், வேண்டாம் என்று. பில் போடுகிற வேலைக்கும், சமையலுக்கும், பாப்பாவின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவில் ஒரு வாரம் இந்தச் சோலியாகவே இருந்தார். யாரும் நன்றி என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை.

சேனல் மெல்லத் தேய்ந்தது. பிரபு திருப்பூரில் ஒரு வேலைக்குப் போனான். இப்போதும் போனில் பேசினால், "அன்னிக்கு ஒரு எட்டு போட்டிருந்தா..." என்று ஆரம்பிப்பான். நான் ம் கொட்டுவேன். நான் கீழே அண்ணனோடு கடையில் உட்கார ஆரம்பித்தேன். அக்கா மட்டும் அவ்வப்போது மேலே வந்து அந்த ஆட்டத்தைச் சேர்ந்து ஆடிவிட்டுப் போவார்.

வருடம் திரும்புவதற்குள் கம்பெனி அறிவித்துவிட்டது. ஆள் சேரவில்லை, சேர்ந்து ஆடுகிற பகுதியை மூடுகிறோம், தனிக் கதையை மட்டும் வாங்கியவர்கள் எப்போதும் ஆடலாம் என்று. நான் அக்காவிடம், "நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சேக்கா. எட்டு போடாதது நல்லதாப் போச்சு" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நான் எப்பத் தம்பி அப்படிச் சொன்னேன்? சேந்து ஆடுறது நல்லா இருக்குன்னுதான சொன்னேன். இப்பவும் நல்லாத்தான் இருக்கு. ஆளு வரல. ஆளு வராததால அது கெட்டதாயிருமா?" தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஆட்டங்களைச் சோதிக்கிற பழைய வேலையே அவருக்கு மறுபடி கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் மகளோடு போய்விடுவது என்று யாரிடமும் கேட்காமல் முடிவு செய்திருந்தார். அப்படியே போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். கணவர் இன்னும் மலையில்தான். மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருகிறார். அவர்கள் சேர்ந்துவிட்டார்களா, பிரிந்துவிட்டார்களா என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்குத் தெரியாது. அக்கா போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்த ஒன்றை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்.

சேர்ந்து ஆடுகிற பகுதியை மூடுகிற நாள். அக்கா மகளோடு எங்கள் மாடி அறையில் இருந்தார். கோடை விடுமுறைக்கு மகளை மலைக்குக் கூட்டிப்போக அன்றைக்குச் சாயங்காலம் கணவர் இறங்கி வந்திருந்தார். வீட்டில் ஆள் இல்லாமல் கடைக்கு வந்தார். கீழே காய் பொறுக்குகிறவர்களிடம் எந்தா விசேஷம் என்று ஒரு சிரிப்பை எழுப்பிவிட்டு மாடியேறினார். பாப்பா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. "அப்பா, அம்மா ஆட்டம் இன்னியோட முடியப்போகுது. கொஞ்சம் இருப்பா."

அவர் என் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேச்சு நின்றுபோனது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் பனிக்கட்டிக்கு அடியில் இருந்த அந்தச் சுரங்கம். உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். யாரும் சுடவில்லை. ஒருவர் ஈர்ப்பைத் திருப்புவார், எல்லோரும் கூரையில் விழுவார்கள். இன்னொருவர் திருப்புவார், தரைக்கு வருவார்கள். அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாக இருட்டிக்கொண்டு வந்தது.

"இதுல நீ எது?"

பாப்பாவிடம்தான் ஏதோ கேட்கிறார் என்று நினைத்தேன். பாப்பா என்னைப் பார்த்தது. அக்காவின் கை மவுஸில் நின்றது. கேள்வி தனக்குத்தான் என்று புரிய அவருக்கும் நேரம் பிடித்தது.

"நான் இதுல தெரிய மாட்டேன்" என்றார் திரையைப் பார்த்தபடியே. "எனக்கு எது தெரியுதோ அதுதான் இதுல தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தா, கீழ அந்த ரெண்டு கை இருக்குல்ல. அது மட்டும் என்னுது" என்றார்.

கணவர் முன்னால் குனிந்து பார்த்தார். உறை மாட்டிய இரண்டு கைகள் திரையின் அடியில் இருந்தன.

"அப்பா, ஜீப்பு போயிரும்" என்றது பாப்பா.

"போகட்டும்." நாற்காலியை இழுத்து அக்காவின் அருகில் போட்டுக்கொண்டார். "அந்தக் கை அசையுமா?"

அக்கா ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். வலது கை மெல்ல உயர்ந்து இப்படியும் அப்படியும் ஆடியது. சுரங்கத்தின் அந்தக் கோடியில், கூரையில் தலைகீழாக நின்றுகொண்டிருந்த யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கி ஆட்டினார்.

"யாரு அது?"

"தெரியல."

திரை இருண்டது. இணைப்பு முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் விளக்கைப் போடாமல் கீழே இறங்கிப் போனேன்.